மறைத்தலும் நிறுத்தலும்

நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் என்பதை நம் இல்லத்துச் சிறாரும் அறிவர். அவற்றுள் ஐந்தாவது உபகூகனம், ஆறாவது ஸ்திதிகரணம். பழியை நீக்கல், அழிந்தோரை நிறுத்தல் என்று தமிழில் வழங்குவர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றிய ஒரு நிகழ்ச்சியைத் தூத்துக்குடியில் கண்டேன். அதில் என் பங்கும் இருந்தமையால் எழுதத் துணிகிறேன்.

ஆசிரியப் பணியின் பொருட்டு அந்நகருக்குச் சென்ற நான், ஓய்வு பெற்ற பின்னரும் அங்கேயே தங்கினேன். அடுத்த இல்லத்தார் துறைமுகச் சரக்குக் கணக்கு எழுதுபவர். நல்லவர்; ஆயின் குடிக்கு அடிமைப்பட்டவர். அவர் எழ இயலாத நாட்களில் அவர் மனைவி என்னிடம் வருவார். "டீச்சர், காய்ச்சல்னு ஒரு லீவு லெட்டர் எழுதித் தாங்க" என்பார். நானும் எழுதிக் கொடுப்பேன். நான்கு ஆண்டுகளில் எழுதியவை எத்தனையோ! பிறர் குற்றத்தை ஊரறியச் செய்யாமையே உபகூகனம் என்று என் மனத்திற்கு அமைதி கூறிக்கொண்டேன்.

கதையை நான் சரியாகப் படிக்கவில்லை. சேட்டியாகிய ஜினேந்திரபக்தர், பிரமசாரி வேடமிட்டு மணியைத் திருடியவனைக் காவலரிடமிருந்து காத்தார் என்பது வரை நினைவில் வைத்திருந்தேன். பின்னர் அவனைத் தனியே கண்டித்து வெளியேற்றினார் என்பதை மறந்துவிட்டேன். ஊருக்கு மறைத்தார், அவனுக்கு மறைக்கவில்லை. என் கடிதங்களோ அந்த மனிதருக்கே அவரை மறைத்தன.

ஒருமுறை உறவினர் கூடி, அவரை வீட்டிலேயே அடைத்து வைத்துக் குடியை நிறுத்த முயன்றனர். இரண்டாம் நாள் வலிப்பு கண்டது. மூன்றாம் நாள் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றினார். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதும், மருத்துவர் கண்காணிப்பிலேயே நிறுத்த வேண்டும் என்பதும் மருத்துவமனையில்தான் எங்களுக்குத் தெரிந்தன. அங்கிருந்த செவிலியர் ஒருவரே, குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் ஒன்று ஊரில் உண்டென்று அந்த அம்மையாரின் காதில் சொன்னார். மதுக்கடை எங்கே என்று யாரையும் கேட்கலாம். இக்கூட்டம் எங்கே என்று கேட்கத்தான் அவருக்கு நாணம். இரண்டு மாதம் கழிந்தது. இறுதியில் நான் சென்று கேட்டேன்.

'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்பது அவ்வமைப்பின் பெயர்; தம் பெயரை வெளியிடாத குடிநோயாளர் என்பது பொருள். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்னும் பங்கு வணிகரும் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரும் தொடங்கியது. வெளியூர் சென்றிருந்த வில்சனுக்குக் குடிக்கும் ஆவல் எழுந்தபோது, உரையாட இன்னொரு குடிநோயாளரையே அவர் தேடினார். இந்தியாவில் இது வேர்கொண்டது 1957-ல். குடும்பத்தாருக்கென 1951-ல் 'அல்-அனான்' தோன்றிற்று. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. நம் சென்னையில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் நிறுவிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, மருத்துவத்தையும் குடும்பத்தார்க்கு அறிவுரையையும் ஒருங்கே அளிக்கிறது.

உறவினருக்கும் இடமளிக்கும் கூட்டம் ஒன்றிற்கு அம்மையாருடன் நானும் சென்றேன். உப்பளத் தொழிலாளி ஒருவர், விசைப்படகு உரிமையாளர் ஒருவர், ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் அருகருகே அமர்ந்து தத்தம் வீழ்ச்சியைக் கூறினர். எவரும் உபதேசிக்கவில்லை. எனக்கு வாரிஷேண முனிவர் நினைவு வந்தது. துறவில் தளர்ந்த நண்பனுக்கு அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை; தாம் துறந்த அரண்மனைக்கே அவனை உடன் அழைத்துச் சென்று காட்டினார். நிறுத்தல் என்னும் தமிழ்ச் சொல்லுக்கு விடச் செய்தல், நிற்கச் செய்தல் என இரு பொருள் உண்டு. பள்ளியில் பலமுறை கற்பித்தும் அன்றுதான் அது என் மனத்தில் படிந்தது.

ஓர் ஐயம் எழலாம். இவர்களது பன்னிரண்டு படிகளுள் முதலாவது, மதுவின் முன் நாம் வலிமையற்றவர் என ஒப்புதல். பின் வருபவற்றில் கடவுள் பேசப்படுகிறார். ஆன்மாவுக்கு அனந்த வீரியம் உண்டென்றும், அருள் தந்து மீட்பார் எவருமில்லை என்றும் கொள்ளும் நமக்கு இது பொருந்துமா? கடவுளை அவரவர் புரிந்துகொண்டவாறே கொள்ளலாம் என்று அவர்களே இடந்தருகின்றனர். வலிமையின்மை பற்றியோ, மோகனீய கருமத்திற்கு நம் ஆசாரியர் தந்த உவமையே மதுதான். கட்டுண்டவன் தான் கட்டுண்டதை உணர்தல் வீரியத்தை மறுப்பதாகாது. குற்றத்தை வாய்விட்டுரைக்கும் ஐந்தாம் படி நம் ஆலோசனைக்கு மிக அண்மையது. நாம் குருவிடம் உரைக்கிறோம், அவர்கள் தம்மைப் போன்ற மனிதரிடம் உரைக்கின்றனர். இவ்வேறுபாடு எனக்கு இன்றும் முழுதும் இசையவில்லை. ஆயினும் குருவிடம் செல்லக் கூசும் ஒருவர் அங்கே வாய் திறந்ததை நான் கண்ணாரக் கண்டேன்.

அவர் இருமுறை மீண்டும் குடித்தார். இருமுறையும் திரும்பிச் சென்றார். அம்மையார் பின்னர் கடிதம் கேட்டதில்லை.

மது, மாமிசம், தேன் விலக்கிய குலமென நாம் பெருமை கொள்வதாலேயே நம்மிடை இந்நோய் வந்தால் கதவை இறுக மூடுகிறோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணிலும் கேட்கலாம். சிற்றூரில் அனைவரும் உறவாயிருக்கப் பெயரை மறைப்பது எங்ஙனம் எனில், அடுத்த நகரத்துக் கூட்டத்திற்குச் செல்க. நான் சென்ற அன்று திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வந்தவர் இருவர் இருந்தனர்.