பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவில்

நான் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்தவன். 1999 கார்கில் சண்டையில் திராஸ் பக்கம், 155 மி.மீ. போபர்ஸ் பீரங்கியோடு நின்றேன். அது வெடிக்கும்போது சத்தத்தை நெஞ்சுதான் முதலில் வாங்கும். இப்போது இடக்காதுக்குள் ஓயாமல் ஒரு சில்வண்டு. குக்கர் விசில் கேட்பதில்லை. ஆவி சீறுவதைப் பார்த்து அடுப்பை அணைக்கிறேன்.

ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு என் குறைபாட்டை 15 முதல் 19 சதவீதம் என்று எழுதிவிட்டது. பணிக்காலம் முடித்து வருபவனுக்கு 20 இருந்தால்தான் ஊன ஓய்வூதியம். 20 வந்துவிட்டாலோ, அதை 50 ஆகக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். பணி முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 19க்கு ஒரு பைசா கிடையாது.

மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன். தாய்மாமா பிடித்துக்கொண்டார். "ஏன் மாப்பிள்ளை, நாட்டுக்குச் செஞ்சதுக்குப் போய் விலை கேட்பாங்களா? செஞ்சோற்றுக் கடன்னு விட்டுடு. கீதை படிக்கிறவன்தானே நீ?"

படிக்கிறவன்தான். பலனில் பற்றை விடச் சொன்னது வில்லெடுத்தவனிடம். அவனை வேலைக்கு வைத்தவர்கள் அந்த உபதேசத்தைத் தங்கள் கணக்கில் வரவு வைக்க முடியாது. துறப்பதற்கும் முதலில் கைக்கு வந்து சேர வேண்டுமே! செஞ்சோற்றுக் கடனும் ஒருபக்கக் கடனா என்ன? போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டதோடு நம் ஊர்கள் நின்றுவிடவில்லை. அவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டதைக் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தார்கள்.

என் கூட்டாளி ஒருவனுக்கு ரத்த அழுத்தம். 'உடல்வாகு, பணியால் வந்ததல்ல' என்று எழுதினார்கள். ஊழ் என்பதை ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தது போல இருந்தது. ஊழை நானும் நம்புகிறேன்; ஆனால் அதைச் சொல்லிக் கடனைத் தள்ளுபடி செய்ய கஜானாவுக்கு உரிமையில்லை. சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் வந்து அதனால் வெளியேற நேர்ந்தால், பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையதல்ல என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பே இருக்கிறது.

மறுபரிசோதனை கேட்டு மனு அனுப்பிவிட்டேன். உங்கள் தாளிலும் 19 என்று இருந்தால் மாமாக்கள் பேச்சைக் கேட்டு மடித்து வைக்காதீர்கள். போர்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், புதிதாக ஆடியோகிராம் எடுத்து மேல்முறையீட்டு மனுவோடு இணையுங்கள். அங்கே மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது.