மலைமகளின் கவலை

திருச்சியைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர்களின் வரிசையில் முதலில் நிற்பவர் சிவபெருமான். மலைக்கோட்டையின் மேல் குடைவரையில், லலிதாங்குர பல்லவேஸ்வர கிருகம் என்று பெயர் பெற்ற அந்தக் கோயிலின் தூண்களில், முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வெட்டிவைத்த சமஸ்கிருதச் செய்யுள்கள் இதைச் சொல்கின்றன. தரையில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழரின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டாராம். அதற்காகவே அரசன் மலைமேல் அவருக்கு இடம் குடைந்து கொடுத்தானாம். இன்னொரு செய்யுள் அதைவிட அழகு. ஆறுகளின் மேல் பிரியம் கொண்டவர் சிவன். கண்ணுக்கு இனிய நீரைக் கொண்ட, சோலைகளை மாலையாக அணிந்த காவிரியைக் கண்டால் அவளிடம் மயங்கிவிடுவாரோ என்று பார்வதிக்குப் பயம். பிறந்த வீட்டை விட்டுவிட்டு இந்த மலைக்கே நிரந்தரமாகக் குடிவந்துவிட்டாள். காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

குடைவரைக்குள் கங்காதரர் சிற்பம் இருக்கிறது. சடையின் ஒரு புரியைக் கையில் பிடித்தபடி, இறங்கி வரும் கங்கையை ஏற்றுக்கொள்கிறார். ஏற்கெனவே ஓர் ஆற்றைத் தலையில் தாங்கியவர் அவர் என்பதைக் கல்லே காட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் செய்யுளின் பொருளை நினைத்தால் மலைமகளின் கவலை வெறும் கவி அலங்காரமாகத் தெரிவதில்லை. உச்சிப் பிள்ளையாரை நோக்கி மூச்சு வாங்கப் படியேறுகிறவர்களில் பலர் இந்த இடத்தில் நிற்பதில்லை. ஓர் ஊரின்மேல் ஆசை எப்படிப் பிறக்கிறது என்பதை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன வேறு கல்லை நான் அறியேன். ஆசைப்படுகிறவர் வெளியிலிருந்து வந்திருக்கிறார். உயரத்தில் நிற்கிறார். கண்ணால் பார்க்கிறார். அருகில் இருப்பவள், இந்த மயக்கம் எங்கே கொண்டுபோய் விடுமோ என்று கவலைப்படுகிறாள்.

வெளியூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களைச் சந்தித்தால், திருச்சி உங்களுக்கு எப்போது பிடித்துப்போனது என்று கேட்பது என் வழக்கம். யாரும் யோசிப்பதில்லை. பதில் தயாராக இருக்கும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் வந்தவர், கொள்ளிடம் பாலத்தில் வண்டியின் ஓசை மாறியதும் விழித்துக்கொண்டதைச் சொல்வார். பாலம் முடிந்தால் ஸ்ரீரங்கம் நிலையம். தென்னைகளுக்கு மேலே ராஜகோபுரம். மறுபடியும் ஒரு பாலம், இந்த முறை காவிரி. நிமிர்ந்தால் மலைக்கோட்டை. சில நிமிஷங்களுக்குள் இரண்டு ஆறு, ஒரு கோபுரம், ஒரு மலை என்று அடுத்தடுத்து வந்து நிற்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறு உண்டா தெரியவில்லை. கல்லூரிக்கு வந்த ஒருவர், தெப்பக்குளத்தின் கரையில் நின்று மலையின் நிழலைத் தண்ணீரில் பார்த்த சாயங்காலத்தைச் சொன்னார். எனக்கு அது காவிரிப் பாலம். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த புதிது. தாமிரபரணிக்காரனுக்கு வேறோர் ஆறு எளிதில் பிடித்துவிடாது. ஒரு மாலை சிந்தாமணியிலிருந்து மாம்பழச்சாலைப் பக்கம் நடந்துபோனேன். நடைபாதையில் குடும்பம் குடும்பமாக நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1976-இல் திறந்த பாலம் அது. வண்டிகளுக்காகக் கட்டியதை ஊர் தன் வீட்டுத் திண்ணையாக மாற்றிக்கொண்டிருந்தது. கீழே ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்றபோது, இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்கக் கேட்க ஒன்று உறுத்தத் தொடங்கியது. எல்லாருடைய கணத்திலும் தண்ணீர் இருக்கிறது, இல்லையென்றால் உயரம் இருக்கிறது. சத்திரம் பேருந்து நிலைய நெரிசலில் ஊர் பிடித்துப்போனதாக ஒருவரும் சொன்னதில்லை. மே மாதத்து நண்பகலில், மலை வாங்கிவைத்த வெயிலைத் திருப்பிக் கொடுக்கும்போது பெரிய கடைவீதியில் நடந்தவர் யாரும் அதைக் காதல் கதையாகச் சொல்வதில்லை. அப்படியென்றால் நாங்கள் விரும்பியது ஊரையா, ஒரு காட்சியையா? அந்தக் கணம் பொய் என்று நான் நினைக்கவில்லை. அது எனக்கு நேர்ந்தது, அதன் பலத்தில்தான் இங்கே வீடு கட்டினேன். ஆனால் அதன்மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பது தீராத கேள்வியாகவே இருந்தது.

வந்தவர்கள் தங்கிவிடும் ஊர் என்பது இதன் மிகப் பழைய கதை. ராமனின் முடிசூட்டு முடிந்து, பரிசாகப் பெற்ற ரங்க விமானத்தைச் சுமந்துகொண்டு இலங்கைக்குப் போகிறான் விபீஷணன். வழியில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருந்த மேட்டில் விமானம் இறங்குகிறது. மறுபடி தூக்கப் பார்த்தால் அசையவில்லை. அழுத விபீஷணனிடம், நான் இங்கேயே இருக்கிறேன், உன் இலங்கையைப் பார்த்தபடி தெற்கு நோக்கிப் படுத்திருக்கிறேன் என்கிறார் பெருமாள். விமானத்தை வாங்கிக் கீழே வைத்தது சிறுவனாக வந்த பிள்ளையார்தான் என்றும், விபீஷணன் துரத்திப்போய் மலையுச்சியில் பிடித்துக் குட்டினான் என்றும் மலைக்கோட்டைக்காரர்கள் கதையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். எப்படிச் சொன்னாலும் அரங்கன் இந்த ஊருக்குப் புறப்பட்டு வந்தவர் அல்லர். வேறெங்கோ போகிற வழியில் நின்றவர். காஞ்சியிலிருந்து ராமானுஜர் வந்தார். திருமண்டங்குடியிலிருந்து வந்த விப்ரநாராயணர் பூந்தோட்டம் போட்டுக்கொண்டு தொண்டரடிப்பொடியாழ்வார் ஆனார். அரசைத் துறந்து மேற்கிலிருந்து வந்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் நத்ஹர்வலி இங்கே அடங்கினார். அவருடைய தர்காவில் எல்லா மதத்தாரும் வந்து நிற்கிறார்கள். நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883-இல் இங்கே வந்தது. அதே நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனையும் 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது, தொழிலாளர்களின் குடும்பங்களோடு. இன்றும் சென்னை, தஞ்சாவூர், மதுரை, ஈரோடு, புதுக்கோட்டை என்று ஐந்து திசைத் தண்டவாளங்களும் சேரும் ஜங்ஷன் இது. பெரும்பாலோருக்குத் திருச்சி இறங்கி மாறும் இடம். அந்த இடைவேளையில்தான் ஊர் ஆளைப் பிடிக்கிறது.

இங்கே ஒருவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உறையூரைச் சேர்ந்த பாணர், காவிரியின் தென்கரையில் நின்று யாழ் மீட்டி அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார். கோயிலிருக்கும் தீவில் கால் வைக்க அவர் குலத்துக்கு அனுமதி இல்லை. திருமஞ்சனத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் கூப்பிட்டும் பாணர் பாட்டில் மூழ்கிக் கிடக்க, முனிவர் கல்லெறிந்தார். நெற்றியில் ரத்தம். பிறகு பெருமாளின் கட்டளைப்படி அதே முனிவரே பாணரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார். திருப்பாணாழ்வாரின் வரலாற்றை முதலும் கடைசியும் தெரிந்த கதையாக எல்லாரும் சொல்லிவிடுகிறோம். தோளில் ஏறிய அந்த ஒரு நாளுக்கு முன்னால், அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்த ஆண்டுகளை நான் அதிகம் நினைக்கிறேன். காட்சி பிடித்துப்போய்ப் பெட்டியை இறக்கிவைத்துத் தங்க முடிந்த நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். ஊரை நேசித்தும் ஊருக்குள் நுழைய முடியாமல் நின்றவர்களையும் சேர்த்துத்தான் இந்த ஊரின் கதையைச் சொல்ல வேண்டும்.

பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவர்களிடம் என் கேள்வி எடுபடாது. உறையூரில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "பொறந்த ஊருப்பா. இதுல புடிக்கிறது என்ன, புடிக்காதது என்ன?" என்றார். அவருடைய மகன் கதை வேறு. வளைகுடாவில் வேலைக்குப் போய் முதல் விடுமுறைக்குத் திரும்பியவர், விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியே காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து ஓட நடுவே தீவு கிடப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். "நான் இந்த ஊர்லதான் பொறந்தேன்னே அன்னைக்குத்தான் சார் தெரிஞ்சுது." பல்லவன் செய்யுளில் சிவன் கேட்ட உயரம் அவருக்கும் தேவைப்பட்டிருக்கிறது. எழுத்தாளர் சுஜாதாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். 1935-இல் திருவல்லிக்கேணியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். கீழச்சித்திரை வீதியின் மனிதர்களை அவர் எழுதியது டெல்லியும் பெங்களூரும் பார்த்த பிறகு. விலகிப் போனவருக்குத்தான் ஊர் முழுதாகத் தெரிகிறது என்று பல காலம் நம்பியிருந்தேன்.

ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு என்ற நூலில் வரும் ஒரு சம்பவம் அந்த நம்பிக்கையை அசைத்தது. 1323-இல் டெல்லிப் படை வந்தபோது, உற்சவர் அழகிய மணவாளரை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியார் முதலானோர் தெற்கே வெளியேறினார்கள். வயது முதிர்ந்த அவர் மதுரைப் பக்கம் வழியிலேயே காலமானார். உற்சவர் கேரளம், மேல்கோட்டை, திருப்பதி என்று சுற்றி, செஞ்சியை ஆண்ட விஜயநகர அதிகாரி கோபணாரியரின் முயற்சியால் 1371-இல் ஸ்ரீரங்கம் திரும்பினார். நாற்பத்தெட்டு ஆண்டுகள். இதற்குள் கோயிலில் வேறோர் உற்சவரை எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். பழைய முகத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. இரண்டில் எவர் பழையவர் என்று சொல்லத் தெரியாமல் ஊரே திகைத்து நின்றபோது, கோயில் துணிகளை வெளுக்கும் ஈரங்கொல்லி ஒருவர் முன்வந்தார். மிக வயதானவர், பார்வை இல்லை. இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொடுங்கள் என்றார். குடித்துப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்றார். அந்தப் பெயரே நிலைத்தது. மற்றவர் திருவரங்க மாளிகையார் என்ற பெயரில் இன்றும் கோயிலில் இருக்கிறார்.

மலையுச்சியிலிருந்து பார்த்து மயங்கும் கண் ஒரு பக்கம். கண்ணே இல்லாமல், தான் தினமும் பிழிந்த துணியின் ஈரத்தில் தெரிந்துகொள்ளும் நாக்கு ஒரு பக்கம். முதலாவதன் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அது இல்லாமல் நான் இங்கே தங்கியே இருக்கமாட்டேன். ஆனால் ஊர் தன் அடையாளத்தையே தொலைத்துவிட்டு நின்ற நாளில் உதவியது இரண்டாவது. அதற்குத் தனியாக ஒரு கணம் கிடையாது. வருஷக்கணக்கில் துணி வெளுத்திருக்க வேண்டும்.

காவிரி விஷயத்தில் ஸ்ரீரங்கம் செய்திருப்பதும் இதுதான் என்று தோன்றுகிறது. மகேந்திரவர்மனின் செய்யுளில் அவள் அரசனின் காதலி, சிவன் மயங்கிவிடக்கூடிய அழகி. ஸ்ரீரங்கத்தில் அவள் பெருமாளின் தங்கை. ஆடி மாதத்தில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருள்வார். பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, பழம், பூ என்று தங்கைக்குச் சீர் யானைமேல் வரும். அதை ஆற்றில் சேர்ப்பார்கள். காதலியை அழகாக இருக்கும்போது பார்த்துப் பரவசப்படலாம். தங்கைக்கு ஆண்டு தவறாமல் சீர் செய்தாக வேண்டும், அவள் எந்த நிலையில் இருந்தாலும். மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில், முக்கொம்பு வெறும் மணலாகக் கிடக்கும் ஆடிகளில், இந்த வேறுபாடு கண்ணுக்கெதிரே தெரியும். 2018-இல் வெள்ளத்தில் முக்கொம்பு கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போனபோது, 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய அணையைப் பற்றி ஊரில் எல்லாரும் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டதைப்போலப் பேசிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு வறண்ட ஆடிப்பெருக்கில் சென்னையிலிருந்து வந்த நண்பரை அம்மா மண்டபத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வந்தவர்கள் குளிக்கக் குழாய்களில் ஷவர் போட்டிருந்தார்கள். படித்துறைக்குக் கீழே மணலில் ஊற்று தோண்டி, அதன் கரையில் வாழை இலை விரித்து, மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துப் படைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரே இல்லையே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நண்பர் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்திலிருந்த அம்மா காதில் விழுந்துவிட்டது. "பாக்க வரலீங்க தம்பி, படைக்க வந்திருக்கோம். இந்தத் தட்டைக் கொஞ்சம் புடிங்க" என்று தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு ஊற்றை இன்னும் ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தார். நண்பர் வெயிலில் வெகு நேரம் தாம்பாளத்தோடு நின்றார். மஞ்சள் கயிறு ஒன்றை அவர் மணிக்கட்டிலும் கட்டிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு மேட்டூர் அணை நிறைந்தது, தண்ணீர் திறந்தார்கள். நண்பரால் வர முடியவில்லை. ஆடிப்பெருக்கு அன்று காலையிலேயே போன் செய்து, தண்ணீர் எத்தனையாவது படி வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டார்.