துரு எங்கே பிடித்திருக்கிறது?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை என்று பழனி மலைக் கிராமங்களில் காப்பி மூட்டையும் காய்கறியும் சுமந்து உழைத்தவை பழைய ஜீப்புகள். மலை ஈரத்தில் துருப்பிடித்து நிற்கும் அப்படி ஒரு வண்டியைப் பார்த்ததும், ‘தாத்தா காலத்து வண்டி, எப்படியாவது ஓட்டிவிடலாம்’ என்று மனம் துள்ளும்.

கொஞ்சம் பொறுங்கள். விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். தரையில் படுத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் சேசிஸைக் குத்திப் பார்ப்பார். பட்டை வில் பொருந்தும் இடத்தில் ‘டங்’ என்று ஒலித்தால் நம்பிக்கை உண்டு. பொலபொலவென்று உதிர்ந்தால் செலவுக்குக் கரையே இல்லை. கதவு, மட்கார்டு துருவை டிங்கரிங்கில் சரிசெய்யலாம். இன்ஜினுக்கும் வழி கிடைக்கும். எலும்பே உளுத்துவிட்டால் பெயின்ட் என்ன செய்யும்?

அடுத்தது ஆர்.சி. புத்தகம்; வண்டியின் வயதை அதில் பாருங்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாத சொந்த வாகனத்தைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். எண் பலகையில் ‘வி.ஏ.’ எழுத்துகள் இருக்கும். ஆனால் அதை அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது.

வண்டி மட்டுமல்ல, பாதியில் விட்ட தொழில், பேச்சு நின்ற உறவு எதுவானாலும் இதே சோதனைதான். மேலே துரு என்றால் தேய்த்துப் பாருங்கள். அடித்தளமே போயிருந்தால், வருத்தப்படாமல் விடைகொடுங்கள்.