காணி விலையும் சமுதாய அறமும்

கொழும்பு மாநகரிலே ஒரு துண்டுக் காணியின் விலை உயர்கின்றது. உரிமையாளர் அதன்மீது ஒரு கல்லேனும் எடுத்து வைக்கவில்லை. அவர் கடல் கடந்து வாழ்பவராகவும் இருக்கலாம். ஆயினும் பத்தாண்டு கழித்து அதனை விற்கும்போது, ஓர் ஆசிரியை தம் சேவைக்காலம் முழுவதும் பெறும் சம்பளத்தினும் மேலான தொகை அவர் கைக்கு வந்துவிடக்கூடும். இவ்வுயர்வை உண்டாக்கியவர் யார்? பொருளியலாளர் இதற்குக் கேள்வி, நிரம்பல் என்று விடை கூறுவர். நாம் இதனை அறத்தின் வினாவாகவே எழுப்ப விரும்புகின்றோம்.

வீதியும் புகையிரதப் பாதையும் பொதுப் பணத்தில் அமைந்தவை. துறைமுகத் தொழிலாளரும் சுத்திகரிப்புத் தொழிலாளரும் தாதியரும் இலிகிதரும் நாள்தோறும் நகரத்தை இயக்குகின்றனர். அவர்கள் ஒரு வாரம் கை ஓய்ந்தால் பேர்ச் ஒன்றுக்குச் சொல்லப்படும் விலை என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். இவ்விலையைத் தம் உழைப்பால் உயர்த்தியோரே, அவ்விலை காரணமாகப் பாணந்துறைக்கும் ஹோமாகமைக்கும் கம்பகாவுக்கும் ஒதுங்கி, விடியுமுன் எழுந்து, புகையிரதத்தில் நின்றபடி நகரத்துக்கு வருகின்றனர்.

ஆசிரியரும் மாணவருமாகிய நம் வாசகர் பிறிதொன்றையும் கவனித்தல் வேண்டும். 1945ஆம் ஆண்டு கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கியது, வேறொரு வாயிற்காவலன் வந்து நின்றான். அரசாங்கப் பாடசாலைகளின் முதலாந் தர அனுமதியில் அரைவாசி இடங்கள் அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு உரியன. அதிலும், காணி உறுதி தம் பெயரில் உள்ளோர்க்கு வாடகைக்கு இருப்போரிலும் கூடிய புள்ளி கிடைக்கின்றது. எனவே பெயர் பெற்ற பாடசாலையின் அயலிலே வீடு வாங்குபவர் சுவரையும் கூரையையும் மட்டும் வாங்குவதில்லை; பிள்ளையின் கல்வியையும் அவ்விலைக்குள் அடக்கியே வாங்குகின்றார். பக்கத்து வைத்தியசாலையிலே இரவுப் பணி புரியும் தாதி, தம் பிள்ளையை அப்பாடசாலையிற் சேர்க்க வழியின்றி நிற்கின்றார். இலவசக் கல்வியைப் பேர்ச்சுக் கணக்கில் விற்கும் இந்த ஏற்பாட்டை எதிர்த்து மேடைகளிலே எவரும் முழங்குவதாகத் தெரியவில்லை.

இளந் தம்பதியர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மூலையும் உள்ள அனெக்ஸ் ஒன்றுக்கு ஆறு மாத, ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்கின்றனர். கடன் வாங்கிக் கொடுக்கின்றனர். கடன் தீருமட்டும் குழந்தை வேண்டாம் என்கின்றனர். ஊரிலுள்ள தாயை அழைத்து வைத்திருக்கவும் இடமில்லை. இவை அவரவர் சொந்த முடிவுகள் என்று கூறுவது எளிது.

உழைத்துச் சேமித்த பணத்தில் ஒருவர் வீடு கட்டி வாடகைக்கு விடுவது குற்றமா என்று கேட்கப்படலாம். ஓய்வூதியம் போதாமையால் ஓர் அறையை வாடகைக்கு விடும் விதவையையும், பூட்டிய வீடுகளைப் பொன்போற் பதுக்கி வைப்பவரையும் ஒரே தராசில் நிறுக்க நாம் ஒருப்படோம். 1973ஆம் ஆண்டு கம்யூனிஸ்ட் தலைவர் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் இவ்வேறுபாட்டைக் காண முயன்றது. ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளுக்கு எல்லை விதித்தது. குடியிருந்தோர் பலர் உரிமையாளராயினர். அது நேர்மையான சட்டமே. ஆனால் இருந்த வீடுகளைப் பங்கிட்ட வேகத்தில் அரசு புது வீடுகளைக் கட்டவில்லை. தனியாரோ வாடகைக்குக் கட்டுவதைக் குறைத்துக்கொண்டனர். அன்றைய குடியிருப்பாளர் பெற்ற நீதி, பின்வந்த இளைஞரை எட்டவில்லை.

முதலாளித்துவம் உள்ளவரை குடியிருப்புப் பிரச்சினை தீராது என 1872இல் எங்கெல்ஸ் எழுதினார். அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வியன்னா நகரத்துச் சமூக ஜனநாயகவாதிகள் 1923 முதல் செல்வர்மீது வரி விதித்து, 1934இல் பாசிசம் அவர்களை வீழ்த்துமுன் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினர். அவ்வீடுகளிற் பிறந்த குழந்தைகள் புரட்சிக்காகக் காத்திருக்கவில்லை.

நம்மவர் நிலையையும் கூறாது விடுவதற்கில்லை. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளை எழுப்பிய பணத்திற் பெரும் பங்கு புலம்பெயர்ந்தோருடையது. அதிலே அச்சமும் கலந்துள்ளது. 1983ஐக் கண்டவர்க்கும், 2007 ஜூனில் விடுதிகளிலிருந்து தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதை அறிந்தவர்க்கும், சொந்தக் கதவொன்று வேண்டும் என்ற எண்ணம் இயல்பே. ஆனால் அச்சத்தால் வாங்கிய வீடு நாளடைவிற் சீதனப் பொருளாயிற்று. வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கீழ்த்தளத்திலே, மலையகத்திலிருந்து வந்த காவலாளி மின்தூக்கிக்கு அருகே நாற்காலியில் உறங்குகின்றார். சமத்துவம் பற்றிக் கட்டுரை வரையும் நண்பர்களும் மகனுக்குப் பெண் பார்க்கையில், கொழும்பில் வீடு உண்டா என்றே முதலில் விசாரிக்கின்றனர்.