தீர்ந்த குற்றமும் பயண மனுவும்

வாலிபத்தில் ஒருவன் தவறு செய்து நீதிமன்றத்தில் தண்டனை அடைகிறான். தண்டனையை அனுபவித்துத் திருந்தி, இருபது ஆண்டுகளாக நாணயமாகக் கடை நடத்துகிறான். பின்னர் சரக்குக் கொள்முதலுக்காக அயல்நாடு செல்ல மனுப் போடுகிறான். “நீர் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?” என்று அந்த மனு கேட்கிறது. ஆம் என்றால் பயணம் தடைப்படுமோ என்று அஞ்சுகிறான். இல்லை என்றால் பொய்யாகுமோ என்று தயங்குகிறான். மன்னிக்கப்பட்ட குற்றம் இல்லாத குற்றமாகிவிடுமா? சபுர் செய்து பிழைத்தவர்களின் வழிவந்த நமக்கு இது சிந்திக்கவேண்டிய கேள்வியாகும்.

முதலில் சட்டங்கள் சொல்வதைப் பார்ப்போம். சிங்கப்பூரில் குற்றவாளிகள் பதிவுச் சட்டம் 2005ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. சிறு தண்டனை பெற்றவர் அதன்பின் 5 ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவருடைய பதிவு கழிந்துபோனதாகக் கருதப்பட அது வழி செய்தது. சட்டம் விலக்கி வைத்த சில காரியங்கள் நீங்கலாக, தமக்குக் குற்றப் பதிவு இல்லை என்று அவர் இங்கே சட்டப்படியே சொல்லலாம்.

ஆனால் எல்லையைத் தாண்டினால் நிலைமை வேறு. கனடாவை எடுத்துக்கொள்வோம். குற்றப் பதிவுக்கு மன்னிப்பு வழங்கும் சட்டம் அங்கே 1970இல் வந்தது. 2012இல் மன்னிப்பு என்ற பெயரைப் “பதிவு நிறுத்திவைப்பு” என்று மாற்றினார்கள். அதைப் பெற்றவரின் பதிவு தனியே பிரித்து வைக்கப்படும். எனினும் அவர் அமெரிக்க எல்லைக்கு வந்து நின்றால் அந்த மன்னிப்பு அங்கே செல்லாது. அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் அயல்நாட்டு மன்னிப்பை ஏற்பதில்லை. குற்றம் தடைக்குரியதாயின், முன்கூட்டியே தனி அனுமதி கேட்டு மனுச் செய்யவேண்டும்.

தண்டித்த அரசே மன்னித்தபின் அயலான் கேட்பது என்ன நியாயம் என்று தோன்றலாம். இதையொத்த ஒரு வழக்கை நம் இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். கற்புள்ள பெண்மீது அவதூறு சுமத்தித் தண்டனை பெற்றவன் தவ்பாச் செய்து திருந்தினால், அவனுடைய சாட்சியத்தை ஏற்கலாமா? ஏற்கலாம் என்றார் இமாம் ஷாபிஈ (ரஹ்). தவ்பாவினால் பாவி என்ற பெயர் நீங்கும், சாட்சியம் மட்டும் ஏற்கப்படாது என்றார் இமாம் அபூஹனீபா (ரஹ்). இரு மத்ஹபினரும் நம்மில் உண்டு. ஒரே பள்ளியில் தோளோடு தோள் சேர்ந்து தொழுகிறோம்.

தவ்பா பாவத்தின் கறையைப் போக்கும் என்பதில் இரு இமாம்களும் ஒன்றுபட்டார்கள். அவன் சொல்லைப் பிறர் நம்பியாக வேண்டுமா என்பதில்தான் வேறுபட்டார்கள். ஆகவே மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு. வணிகருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? கடன் வாங்கியவன் பாக்கியைத் தீர்த்தால் பேரேட்டில் வரவு வைத்துக் கணக்கை முடிக்கிறோம், ஏட்டைக் கிழிப்பதில்லை. அடுத்த கடைக்காரர் அவனுக்குக் கடன் கொடுப்பதும் கொடாததும் அவர் இஷ்டம்.

ஆகையால் அயல்நாட்டு மனு தெளிவாகக் கேட்குமானால் உண்மையை எழுதுவதே முறை. தீர்ப்பின் நகலையும் தண்டனை முடிந்ததற்கான தாள்களையும் இணைத்து, தெரிந்த வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, டிக்கெட் வாங்குமுன்னரே மனுச் செய்யவேண்டும். பழைய குற்றத்துக்கு அனுமதி கிடைத்தாலும் கிடைக்கும். அதை மறைக்கச் சொன்ன பொய்யோ புதிய குற்றமாகிவிடும். பொய்த் தகவல் தந்தவரை ஆயுள் முழுவதும் தடுத்துவைக்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

கேட்காத இடத்தில் தானே போய்ச் சொல்லவேண்டுமா? வேண்டியதில்லை. அல்லாஹ் மூடிய குறையை அடியான் தானே பறைசாற்றுவதை நம் மார்க்கம் விரும்பவில்லை. மௌனம் பொய்யாகாது. உள்ளூரில் “பதிவு இல்லை” என்று சொல்லச் சட்டமே அனுமதித்திருக்குமாயின், கேட்பவரும் அந்தச் சட்டத்துக்குள் நின்றுதான் கேட்கிறார். அங்கே ஏமாற்று என்பதே இல்லை.

இனி நமது பங்கு. அயல்நாட்டு அதிகாரிக்கு இந்த மனிதர் யாரென்று தெரியாது, அவர் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. இருபது ஆண்டுகள் பக்கத்துக் கடையில் பார்த்துப் பழகிய நமக்கு அந்தச் சாக்கு இல்லை. புழைல் இப்னு இயாழ் (ரஹ்) முன்னாளில் வழிப்பறி செய்தவர் என்று வரலாறு கூறுகிறது. அவரே பின்னர் இறைநேசச் செல்வராகவும் ஹதீஸ் அறிஞராகவும் விளங்கி, கி.பி. 803இல் மக்காவில் மறைந்தார். பழைய கதையைக் கிளறி அவரை அன்றைய மக்கள் ஒதுக்கியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

சிங்கப்பூரில் 2004இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் சிறை மீண்டவருக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்கிறது. நமக்கோ அது மார்க்கக் கடமையும் ஆகும். சம்பந்தம் பேசும்போதும் சங்கப் பொறுப்புக் கொடுக்கும்போதும் தீர்ந்துபோன வழக்கை இழுத்துப் போடுவதை விட்டொழிப்போம். திருந்திய ஒருவர் பயண மனுவோடு நம்மிடம் வந்தால், “இத்தனை ஆண்டுகளாக இவரோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறேன், நாணயஸ்தர்” என்று நம் கடைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்போம். மன்னிப்பு அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. நற்சாட்சி சொல்வது நம் கையில் இருக்கிறது. உண்மை தெரிந்தும் அதை மறைப்பது சாட்சியத்தை மறைப்பதாகும்.

அல்லாஹ் நம் குறைகளை மூடி அருள்வானாக. ஆமீன்.