மண்ணை அறிய எது பிரமாணம்?

வீடு கட்டப்போகும் இடத்தில் குழி வெட்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு நிரப்ப வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சமமாக நின்றால் மத்திமம், குறைந்தால் ஆகாது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதை சொல்லும் நிலச் சோதனை இது. குழியில் நீர் நிரப்பிவிட்டு, நூறு அடி நடந்து திரும்பி வந்து, நீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் முறையும் அங்கேயே இருக்கிறது.

இரண்டும் மெய்யான சோதனைகள். இறுகிக் கிடந்த மண் வெட்டினால் உதிர்ந்து பருமன் கூடும். பழைய குழிக்குள் அடங்காது. பொந்தும் குப்பையுமாக இருந்த நிலத்தின் மண் அமுங்கிப் போகும். அஸ்திவாரம் தாங்குமா என்று அறிய இது நல்ல தொடக்கம்தான்.

ஆனால் அதே நூல், அதே அத்தியாயத்தில், வெள்ளை மண் பிராமணருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு என்று பங்கிடுகிறது. குழிக்குள் விளக்கு வைத்து, எந்தத் திசைத் திரி நன்றாக எரிகிறதோ அந்தத் திசைக்குரிய வருணத்துக்கு நிலம் ஏற்றது என்றும் சொல்கிறது. நூல் ஒன்று, ஆசிரியர் ஒருவர். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது? எந்தப் பிரமாணத்தைக் கொண்டு?

இந்தக் கேள்வியைத் தமிழ்ச் சைவம் தீவிரமாகவே எடுத்துக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் பாடிய அருணந்தி சிவாசாரியார், உண்மையை அளக்கும் அளவைகளுக்கென்றே, அதாவது பிரமாணங்களுக்கென்றே, ஒரு பகுதி ஒதுக்கினார். அளவை ஆறு என்றும் அதற்கு மேலும் என்றும் பலர் சொன்ன கணக்கைக் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க சொல்) என்ற மூன்றுக்குள் அடக்கினார். காண்டலும் கருதலும் எட்டாத இடத்தில்தான் உரைக்கு, அதாவது ஆகமத்துக்கு, முதன்மையான வேலை. இறைவனின் இயல்பு அப்படி எட்டாதது. மண் அப்படியல்ல, காலடியில் கிடக்கிறது.

ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் ஊற்றி, சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து, நன்றாகக் குலுக்கி வைத்தால் காண்டலும் கருதலும் எப்படிக் கைகோக்கின்றன என்பது தெரியும். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். அதன்மேல் வண்டல் படியச் சில மணி நேரமாகும். களி படிய ஒரு நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். கண் காண்பது அடுக்குகளை மட்டுமே. கீழே இருப்பது மணல், மேலே இருப்பது களி என்பது கருதல். பெரிய துகள் சீக்கிரம் இறங்கும் என்ற மாறாத உறவு அந்தக் கருதலைத் தாங்குகிறது. விட்டம் பத்து மடங்கானால் இறங்கும் வேகம் நூறு மடங்காகும் என்று 1851இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் கணக்கிட்டார். புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று கருதுவதற்குத் தர்க்க நூலார் கேட்ட உடனிகழ்வு இதுவே. விளக்குத் திரிக்கும் வருணத்துக்கும் இடையே அப்படி ஓர் உறவும் இல்லை. குழிக்குள் புகும் காற்று மாறினால் எரியும் திரியும் மாறும். சோதனையின் வடிவில் இருப்பதால் மட்டும் ஒன்று அறிவாகிவிடாது.

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் அறிவது இன்னும் நுட்பமானது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கடுமையான களர் மண்ணைக் கரைத்துத் தெளிய வைத்த நீரும் மஞ்சளைச் சிவக்க வைக்கக்கூடும். செம்பருத்திச் சாறு அமிலத்தில் சிவந்தும் காரத்தில் பச்சையாகவும் மாறும். இந்தச் சோதனைகளுக்கு வாலை வடிநீர் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரே பல ஊர்களில் காரமாக இருப்பதால் முடிவைக் கெடுத்துவிடும்.

வினிகர் சோதனையில்தான் பலர் வழுக்குகிறார்கள். மண்ணில் வினிகர் விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு. நுரைக்காவிட்டால்? அமில மண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நுரை இல்லாமை காட்டுவது, நுரைக்கும் அளவுக்குச் சுண்ணாம்பு இல்லை என்பதை மட்டுமே. அந்த மண் நடுநிலையாக இருக்கலாம், அமிலமாகவும் இருக்கலாம், சோடிய உப்பால் காரமாகவும் இருக்கலாம். இல்லாமையிலிருந்து எதை அறியலாம் என்று நம் தர்க்க மரபு அபாவம் என்ற தலைப்பில் தலைமுறை தலைமுறையாக வாதாடியது வீண் பேச்சல்ல. தவறான அபாவத்தை நம்பி, தேவையில்லாத வயலில் சுண்ணாம்பு கொட்டுபவருக்கு அதன் விலை புரியும்.

நிறங்களுக்கு வருவோம். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களி மிகுதி. அதன்மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் எந்தக் குலத்தவர் வீட்டுச் சுவரும் விரிசல் விடும். அதே கரிசலில் பருத்தி செழிக்கிறது. ஜாடியும் செம்பருத்தியும் வினிகரும் மண்ணில் பல குணங்களைக் காட்டும்; வருணத்தை எந்தச் சோதனையும் காட்டாது. ஆகவே வராகமிகிரரின் குழியை ஏற்று, அவருடைய நிறப் பங்கீட்டை மறுப்பது அவமரியாதை அல்ல. மூன்று அளவைகளையும் அவற்றுக்குரிய இடத்தில் வைப்பதுதான் அது.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் ஆய்வக முடிவோடு வரும் அட்டையும் ஒருவகை உரையே. ஆய்வகத்தை நம்பலாம், ஆனால் ஆய்வகம் சொல்வது கொடுத்த மாதிரியைப் பற்றித்தான். அடுத்த முறை மண் எடுக்கும்போது வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் மூன்றையும் தவிருங்கள். வயலில் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, எடுத்ததைக் கலந்து, அரைக் கிலோ கொடுங்கள். அதே மண்ணில் ஒரு கைப்பிடியை வீட்டு ஜாடியிலும் போட்டுப் பாருங்கள்.