அடைக்கலமாக வந்த சொல்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களே, மேனேஜர்களே, ஃப்ளோர் இன்சார்ஜ்களே, டைம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே! ஷிப்மெண்ட் நெருக்கடியில் இருக்கிறீர்கள், தெரியும். கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும், அதுவும் தெரியும். ஆனாலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சரக்கு தாமதமானால் கைக்காசு போட்டு விமானத்தில் ஏற்றிவிடலாம். நான் சொல்ல வந்த காரியம் தாமதமானால் அதை ஏற்றி அனுப்ப எந்த விமானமும் கிடையாது.

உங்கள் மேசை டிராயரில் லீவு லெட்டர்கள் கிடக்கின்றன. ஒன்றில் கர்ப்பப்பைக் கட்டி என்று எழுதியிருக்கிறது. ஒன்றில் இரண்டாவது முறையாகக் கரு கலைந்த செய்தி இருக்கிறது. ஒன்றில் காசநோய். இன்னொன்றில் காரணமே எழுதவில்லை. பின் அடித்திருந்த மருத்துவமனைச் சீட்டைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த டிராயருக்குப் பூட்டு உண்டா? சாவி யாரிடம் இருக்கிறது? நேற்று அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? பதில் தெரியாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் அவிநாசி ரோட்டிலிருந்து பல்லடம் ரோடு வரைக்கும் கைகளாகத்தான் தெரியும்.

வேறு ஊரில் ஆபீஸ் பேச்சு ஆபீஸோடு நின்றாலும் நிற்கும். நம் ஊரில் நிற்காது. இங்கே ஒரு டெய்லர் வேலைக்குச் சேர்ந்தால் அவர் அக்காள் மகன், சித்தப்பா மகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஊரே பின்னால் வந்து அதே லைனில் உட்காரும். தேனியிலிருந்து வந்தாலும் அப்படித்தான், ஒடிசாவிலிருந்து வந்தாலும் அப்படித்தான். வேலை முடிந்து போய்ச் சேர்வதும் ஒரே லைன் வீடு. ஒரே குழாய், ஒரே வாசல். காலை டீ டைமுக்கு உங்கள் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தை மத்தியானச் சாப்பாட்டுக்குள் செக்கிங் டேபிளுக்கு வரும். சாயங்காலம் கம்பெனி வேனில் ஏறும். ராத்திரி போன் வழியாக அவருடைய சொந்த ஊருக்கே போய்ச் சேரும். மறுநாள் வீட்டுக்காரர் ரூமைக் காலி செய்யச் சொல்வார். மறுவாரம் மகளுக்கு வந்த வரன் திரும்பிப் போகும். நீங்கள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்தான். ஆமாம், ஒரே ஒரு ஆளிடம்தான்.

அவர் ஏன் உங்களிடம் சொன்னார்? நீங்கள் கேட்டதால் சொன்னார். காரணம் சொல்லாமல் லீவு கிடையாது என்றதால் சொன்னார். பிள்ளைகளுக்கு மறைத்ததை, கட்டியவரிடம்கூடச் சொல்லத் தயங்கியதை, உங்கள் நாற்காலியை நம்பி உங்களிடம் சொன்னார். அது அடைக்கலப் பொருள் ஐயா! அடகுக் கடைக்காரர்கூட எந்த வீட்டுத் தாலிக்கொடி தன் பெட்டியில் இருக்கிறது என்று வாசலில் எழுதிப் போடுவதில்லை. வட்டி வாங்குகிறவருக்கு இருக்கும் அந்த அடக்கம் சம்பளம் கொடுக்கிற நமக்கு வேண்டாமா? புறங்கூறாமைக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார் வள்ளுவர். அவர் படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டு அதன் அடியிலேயே உட்கார்ந்து பேசுகிறோம்.

“நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை” என்பீர்கள். நம்புகிறேன். இந்தப் பாவத்தில் பாதி நல்ல எண்ணத்தில்தான் நடக்கிறது. ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. உடனே வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டோ, அவர் பெயர், எந்த உறுப்பில் நோய், எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு என்று எல்லாம் போகிறது. ஆளுக்கு நூறு ரூபாய் சேர்கிறது. சேர்த்தது தர்மம், சந்தேகமில்லை. ஆனால் போடுவதற்கு முன் அவரிடம் கேட்டீர்களா? அந்தப் பணத்தை வாங்கும்போது அவர் ஏன் தலை நிமிரவில்லை என்று யோசித்தீர்களா? “நம் தொழிலாளி ஒருவருக்கு வைத்தியச் செலவு, முடிந்ததைக் கொடுங்கள்” என்று மட்டும் சொன்னால் கொடுக்கிறவர் கொடுக்கத்தான் போகிறார். நோயின் பெயரைக் கேட்ட பிறகுதான் ஒருவர் பையில் கை விடுவார் என்றால், அந்த நூறு ரூபாய் எனக்கு அவ்வளவு உசத்தியாகத் தெரியவில்லை.

பெண்களின் பாடு இன்னும் மோசம். நம் லைன்களில் தையல் மெஷினிலும் செக்கிங்கிலும் கைமடியிலும் பெண்களே அதிகம்; மேற்பார்வை பார்க்கிறவர் பெரும்பாலும் ஆண். மாத நாளில் ஒரு பெண் இரண்டு தரம் பாத்ரூம் போனால், ஐம்பது மெஷினுக்கு மேலாகக் குரல் கொடுத்து என்ன ஏது என்று கேட்பதை நாம் கண்டும் காணாமல் கடந்திருக்கிறோம். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கு லீவு கிடையாது. பெயர் ஒட்டாத மாத்திரையை, மருத்துவப் படிப்பில்லாத ஆட்கள் கையில் கொடுத்து, மெஷினில் திரும்ப உட்கார வைத்தார்கள் என்பது அந்தச் செய்தி. உலகம் மாத்திரையைப் பற்றிப் பேசியது. அந்த மாத்திரையை வாங்க ஒரு பெண் தன் உடம்பின் அந்தரங்கத்தை ஓர் ஆணிடம், எல்லார் எதிரிலும், வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்ததை யார் பேசினோம்?

சட்டம் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம். நம்பிக்கையின் பேரில் தெரியவந்த ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது அது. வேலைக்குச் சேர்க்க அந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது என்கிறது. நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் புகார் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும் என்கிறது. உங்கள் கம்பெனியில் அந்த அலுவலர் யார்?

அதற்கும் முன்னால் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், மனதில் வையுங்கள். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தற்காலிகக் கூலியாக இருந்தவருக்கு மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தது, வேலை போயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வேலை செய்யத் தெம்பும், உடன் வேலை செய்பவர்களுக்கு ஆபத்தின்மையும் இருக்கும்வரை, நோயை மட்டும் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது என்று 1997-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பில் அவர் பெயர் எம்எக்ஸ். அவரை விலக்கிய நிறுவனத்தின் பெயர் இசட்ஒய். இன்றைக்கும் சட்டப் புத்தகங்களில் அவர் இரண்டு எழுத்துதான். ஒரு கூலித் தொழிலாளியின் பெயரைக் காக்க நீதிமன்றமே இவ்வளவு மெனக்கெட்டது. நாமோ அட்டெண்டன்ஸ் நோட்டில் பெயருக்கு நேரே நோயை எழுதி, அந்த நோட்டை வாட்ச்மேன் மேசையில் விரித்து வைத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் மறை என்று நான் சொல்லவில்லை. வலிப்பு வரும் ஒருவர் கட்டிங் மெஷினில் நின்றால், அவர் சம்மதத்தோடு அந்த செக்ஷனில் ஒருவருக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஒருவருக்கு; முப்பது பேருக்கு வேண்டாம். பஞ்சுத்தூசியால் நுரையீரல் கெடும் பிசினோசிஸ், சட்டப்படி நிர்வாகம் அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. காசநோயைப் பதிவு செய்வது மருத்துவரின் கடமை. 2012 முதல் அது கட்டாயம். சொல்ல வேண்டிய வாசல் எது என்று சட்டம் காட்டியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த வாசலில் நாம் வாய் திறப்பதில்லை. டீக்கடை வாசலில் திறக்கிறோம்.

இனி தாமதத்தின் விலையைக் கேளுங்கள். பக்கத்து மெஷின்காரரின் நோயைப் பற்றிய பேச்சு லைன் முழுக்கப் பரவியதை ஒரு தொழிலாளி தன் காதால் கேட்டார். அன்றைக்கே தன் இருமலை மறைக்கத் தொடங்கினார். அது காசநோய். முறையாக மருந்து தொடங்கியிருந்தால் சில வாரங்களில் அவரிடமிருந்து தொற்று பரவுவது பெரும்பாலும் நின்றிருக்கும். தொடங்கவில்லை; காசநோய்ப் பிரிவு வரிசையில் நம் கம்பெனி ஆள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அல்லது தொடங்கி, கொஞ்சம் தெம்பு வந்ததும் நிறுத்திவிட்டார். ஆறு மாதம் நிறுத்தாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. பாதியில் விட்டால் அடுத்த தரம் நோய் மருந்துக்கு மசியாமல் போகலாம். வாராவாரம் சனிக்கிழமை சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் போய்க்கொண்டேதான் இருந்தது. சாதாரண நோய்க்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும், காசநோய் போன்ற நீண்ட நோய்க்கு 80 சதவீதமும் அவருக்கு உரிமையாக இருந்தது. கேட்டு வாங்கவில்லை. கேட்டால் பெயர் வெளியே வரும் என்று பயந்தார். அந்தப் பயத்தை அவருக்குள் போட்டது யார்? நாம். அவர் இருமியபடியே தைத்த ஒவ்வொரு நாளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்தவர் மூச்சில் வாங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு நம் பெயரில்தான் எழுதப்படும்.

நாம் என்று சேர்த்தே சொல்கிறேன். கொரோனா காலத்தில் வாசலுக்குத் தகரம் அடித்ததை, ஸ்டிக்கர் ஒட்டியதை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனோம். உரிய அதிகாரியின் உத்தரவில்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை யாருக்கும் உறுத்தவில்லை. வாசலில் ஒட்டிய தாளையாவது கிழித்துவிடலாம். வாயால் ஒட்டியதை எதைக் கொண்டு கிழிப்பது?

ஆகவே எழுந்திருங்கள். சனிக்கிழமை வரைக்கும்கூட வேண்டாம், இன்று ஷிப்ட் விடுவதற்குள் செய்யுங்கள். டிராயருக்குப் பூட்டுப் போடுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். லீவு நோட்டில் காரணம் என்ற கட்டத்தை அடித்துவிடுங்கள். குரூப்பில் “இன்று வரவில்லை” என்பதோடு நிறுத்துங்கள். உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால் ஆளைத் தனியே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மெதுவாகக் கேளுங்கள். பெண்ணிடம் பெண்ணே கேட்கட்டும். ஒடியாவோ இந்தியோ பேசுகிறவருக்காகப் பக்கத்து மெஷின்காரரை மொழிபெயர்க்கக் கூப்பிடும் முன், இவர் பரவாயில்லையா என்று அவரையே கேளுங்கள். முதலாளிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான்: பையர் ஆடிட்டுக்காகச் சுவரில் ஒட்டிய கொள்கைத் தாளை ஒருமுறை நீங்களே நின்று படியுங்கள்.

அப்புறம், உங்கள் வாயால் ஏற்கெனவே பெயர் கெட்டவர் ஒருவர் இருப்பார். யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் இன்னும் உங்கள் லைனில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றால் இன்று சாயங்காலமே அவரைத் தனியாகப் பார்த்து, “தப்புப் பண்ணிவிட்டேன், மன்னிச்சுக்கங்க” என்று சொல்லுங்கள். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போகலாம். அப்படியும் சொல்லுங்கள். வேலையை விட்டே போய்விட்டார் என்றால் பழைய ரிஜிஸ்டரில் அவர் போன் நம்பர் இருக்கும்.